மூன்றடி ரீஃப் தொட்டிக்கு அடுத்து எது: நாலடியா, ஐந்தடியா, ஆறடியா?

ரீஃப் தொட்டி, அதாவது உப்புத் தண்ணீரில் கோரலும் (பவளம்) கடல் மீனும் வளர்க்கும் தொட்டி வைத்திருப்பவர்கள், விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து மங்கலான சிவப்புக் கைவிளக்கோடு தொட்டி முன் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பகலில் கைகளை விரித்து ஆடிக்கொண்டிருக்கும் டார்ச் கோரல் அப்போது வேறு மாதிரி இருக்கும். அதன் கைகளில் ஒன்றிரண்டு மட்டும் நூல் போல மெலிந்து, 15 செ.மீ. வரை நீண்டு, நீரோட்டத்தில் துழாவிக்கொண்டிருக்கும். அந்த நுனி பக்கத்தில் இருக்கும் அக்ரோபோரா என்ற கிளைவிடும் கோரல் மேல் பட்ட இடத்தில், மறுநாள் காலை தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரியும். என் மூன்றடித் தொட்டியில் இதைப் பார்த்த இரவில்தான் இடம் தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. தண்ணீரில் குறை இல்லை, பரிசோதனை அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. கோரலை நகர்த்தி வைக்கத்தான் இடம் இல்லை.

பெரிய தொட்டிக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர்?" நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு தொட்டியை வாங்கி, நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டி, பிறகு மறுபடியும் மாற்றினேன். இரண்டு முறை தொட்டி மாற்றுவது எவ்வளவு வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அது உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஐந்து அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் சொல்கிறேன். அகலம் என்றால் முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை. பழைய தொட்டி 3 அடிக்கு 1½ அடி, உயரம் 1½ அடி என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். அடுத்த படியாக எல்லோர் கண்ணிலும் படுபவை இவை: 4 × 1½ × 2 அடி, 340 லிட்டர்; 4 × 2 × 2 அடி, 453 லிட்டர்; 5 அடிக்கு 2 அடி, உயரம் 20 அங்குலம், 472 லிட்டர்; 6 × 2 × 2 அடி, 680 லிட்டர்; அப்புறம் 3 × 3 × 2 அடி கியூப், 510 லிட்டர். இதெல்லாம் அளவை வைத்துப் போட்ட கணக்கு. கண்ணாடித் தடிமன், பாறை, மணல், மேலே விடும் இடைவெளி போக உண்மையில் நிற்கும் தண்ணீர் இதைவிடக் குறைவுதான்.

லிட்டரை அல்ல, தரையைப் பாருங்கள்

கோரலுக்கு வேண்டியது தரை. பாறை உட்காரும் இடம், அதன் மேல் வெளிச்சம் விழும் பரப்பு, வளர்ந்தால் பக்கத்தில் இருப்பதைத் தொடாத இடைவெளி. இதில் எதுவும் உயரத்தால் கூடுவதில்லை. பழைய மூன்றடித் தொட்டியின் தரை 4½ சதுர அடி. 4 × 1½ × 2 தொட்டிக்கு மாறினால் தண்ணீர் கிட்டத்தட்ட 80% கூடுகிறது. ஆனால் தரை 6 சதுர அடிதான், அதாவது மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. வாங்கிய தண்ணீரில் பெரும்பகுதி பாறைக்கு மேலே வெறுமனே நிற்கும்.

நான் முதலில் வாங்கியது அந்தத் தொட்டிதான். அதில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் துடைக்கக் காந்தம் ஓட வேண்டும். அதற்கு முன்னால் 3 அங்குலம், பின்னால் 3 அங்குலம் விட வேண்டும். 18 அங்குல அகலத்தில் 6 போனால் மிச்சம் 12. ஓரடி அகலத்துக்குள் பாறை அடுக்கினால் அது சுவராகத்தான் நிற்கும், என்ன முயன்றாலும் மேடு பள்ளம் வராது. மேலே இருக்கும் கோரல் வளர வளர கீழே இருப்பது நிழலில் சிக்கும். 24 அங்குல உயரத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் பாறையை உயர்த்தினால், சுவருக்குப் பின்னால் நீரோட்டம் செத்து, கழிவு தங்கும். இரண்டாவது வருடம் அந்தப் பின்பக்கத்திலிருந்து குழாயால் உறிஞ்சி எடுத்த கறுப்புச் சேற்றை இன்னும் மறக்க முடியவில்லை.

அதே தொட்டி 24 அங்குல அகலம் இருந்திருந்தால் பாறைக்கு 18 அங்குலம் கிடைத்திருக்கும். அரை அடி கூடியதில் பாறைக்கான இடம் ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டு தனித்தனிக் குன்றுகள் வைக்கலாம், நடுவே மணல் வழி விடலாம், டார்ச் கோரலை ஒரு குன்றிலும் அக்ரோபோராவை மற்றதிலும் வைத்து இரவுச் சண்டையை ஒழிக்கலாம். அதனால் என் கருத்து இதுதான்: 18 அங்குல அகலமுள்ள எந்தத் தொட்டியையும், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், ரீஃப் தொட்டியாக மாற்றிக்கொள்ளாதீர்கள். ஆறடி நீளத்தில் ஒன்றரை அடி அகலத் தொட்டியும் கிடைக்கும். நீந்துகிற மீனுக்கு அது நல்லது. கோரலுக்கு அது நீளமான சுவர், அவ்வளவுதான்.

4 × 1½ × 2 பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கீழே ஸ்டாண்டும் அதே அகலம்தான். உள்ளே சட்டம், பலகை போகச் சம்ப்புக்கு (வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த் தொட்டி) கிடைப்பது ஒரு முழ அகலம்கூட இருக்காது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர்களில், இந்த அளவு தொட்டிக்கு ஏற்ற பலவற்றுக்கு அடிப்பாகமே 25, 30 செ.மீ. வேண்டும். சேகரிப்புக் கோப்பையைக் கழற்றும்போது ஒவ்வொரு முறையும் விரல் முட்டி சட்டத்தில் உரசும். சின்ன விஷயம்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை செய்யும் வேலையில் சின்ன விஷயம்தான் கையை இழுத்துப் பிடிக்கும். கோப்பை கழுவுவது தள்ளிப்போகும், அதன் பலனைத் தொட்டி காட்டும்.

4 × 2 × 2 அல்லது 5 × 2 × 20 அங்குலம்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். தண்ணீரில் வித்தியாசம் 20 லிட்டர்கூட இல்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு தொட்டிகள்.

4 × 2 × 2 பெரும்பாலானவர்கள் போய்ச் சேரும் இடம். அதற்குக் காரணம் இருக்கிறது. இன்று ரீஃப்புக்கு விற்கும் எல்இடி விளக்குகளில் பல, ஒன்று சுமார் 60 செ.மீ. சதுரத்துக்கு வெளிச்சம் தரும் கணக்கில் செய்யப்பட்டவை. நாலடிக்கு இரண்டு விளக்கு, கச்சிதமாகப் பொருந்தும். இரு பக்கமும் ஒவ்வொரு வேவ்மேக்கர் (நீரோட்டம் தரும் பம்ப்) வைத்தால் நடுவில் ஓட்டம் மோதிச் சுழலும், செத்த இடம் அதிகம் இருக்காது. தொட்டி, ஸ்டாண்ட், மூடி வலை எல்லாமே இந்த அளவில் எளிதாகக் கிடைக்கும். தரை 8 சதுர அடி.

ஐந்தடித் தொட்டியில் தரை 10 சதுர அடி. அதே தண்ணீரில் கால் பங்கு தரை கூடுதல். அதற்கு விலையாகக் கொடுப்பது 4 அங்குல உயரம். அந்த 4 அங்குலம் போனதில் எனக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை, லாபம்தான் தெரிகிறது. கையை விடும் கணக்கைப் பாருங்கள். முன்கண்ணாடியிலிருந்து ஓரடி உள்ளே, மணலில் விழுந்து கிடக்கும் ஒரு ஃப்ராக்கை (சிறு கோரல் துண்டு) எடுக்க வேண்டும். 24 அங்குல உயரத் தொட்டியின் விளிம்பிலிருந்து அந்த இடத்துக்குச் சாய்வாக 67, 68 செ.மீ. 20 அங்குலத் தொட்டியில் 59 செ.மீ. பெரியவர்களுக்கு அக்குளிலிருந்து விரல் நுனி வரை சுமாராக 65 முதல் 70 செ.மீ. இருக்கும். அதாவது ஒன்றில் அக்குள் நனைந்து, கன்னம் தண்ணீர் மேல் படும் அளவுக்குச் சாய்ந்து, விரல் நுனியால் நெருடிக்கொண்டிருப்பீர்கள். மற்றதில் கை வளைய இடம் இருக்கும், கோரலை நிமிர்த்திப் பசை ஒட்டி அழுத்திப் பிடிக்கலாம். பசை ஒட்டுவதற்குத் தொடுவது மட்டும் போதாது, அழுத்த வேண்டும். பின்மூலைக்கு இரண்டு தொட்டியிலும் இடுக்கிதான், அதில் மாற்றமில்லை.

இதோடு ஸ்டாண்ட் உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். 90 செ.மீ. ஸ்டாண்ட் மேல் 61 செ.மீ. தொட்டி வைத்தால் விளிம்பு 150 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஒவ்வொரு வேலைக்கும் முக்காலி வேண்டும். முக்காலி மேல் நின்று ஒரு கையால் விளிம்பைப் பிடித்து மறு கையைத் தண்ணீரில் விடுவது ஆபத்தான காரியம், மேலே மின்விளக்கும் தொங்குகிறது.

வெளிச்சத்திலும் 20 அங்குலத்துக்கு ஒரு நன்மை உண்டு. அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கோரலுக்கு 200 முதல் 350 பார் (கோரலுக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) வரை கொடுக்கிறோம். டார்ச், ஹாமர் போன்ற பெரிய பாலிப் கோரலுக்கு 50 முதல் 150 போதும். உயரம் குறைந்தால் மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். உச்சியில் இருப்பது வெளுக்காமல், மணலில் இருப்பதற்கும் போதிய வெளிச்சம் கிடைக்கும்படி விளக்கை நிறுத்துவது சுலபம்.

ஐந்தடியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். விளக்குதான் அது. இரண்டு விளக்கு வைத்தால் இரு ஓரமும் மங்கும், மூன்று வைத்தால் ஒரு விளக்கின் செலவும் மின்சாரமும் கூடும். நான் இரண்டு வைத்து, இரு ஓரங்களிலும் மஷ்ரூம், லெதர் கோரல்களை வைத்தேன். அவற்றுக்கு அந்த மங்கல் பிடிக்கிறது. முழுத் தொட்டியிலும் அக்ரோபோராதான் வேண்டும் என்றால் மூன்று விளக்கு கட்டாயம். இன்னொன்று, ஐந்தடித் தொட்டியை நிறைய இடங்களில் சொல்லித்தான் செய்ய வேண்டும், காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் 4 × 2 × 2 வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். இடமும் பொறுமையும் இருந்தால் என் ஓட்டு ஐந்தடிக்கு.

ஆறடி யாருக்கு?

மீனுக்காக மாறுகிறவர்களுக்கு. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நீல டேங் மீனைச் சின்னதாக, உள்ளங்கையில் பாதி அளவில் பார்த்து வாங்குகிறோம். அது 30 செ.மீ. வரை வளரும் மீன். நாலடித் தொட்டி அதற்கு நான்கு உடல் நீளம்தான். ஓடி, திரும்பி, மறுபடி ஓடி, அதே சுவரில் திரும்பும். பக்கவாட்டில் தோல் அரிப்பு, வெள்ளைப்புள்ளி நோய் எல்லாம் வந்த பிறகு மருந்து தேடுகிறோம். மஞ்சள் டேங் சுமார் 20 செ.மீ. வரை வளரும், அதற்கு நாலடி குறைந்தபட்சம், ஐந்தடி நல்லது. நாசோ வகை டேங் 45 செ.மீ. வரை போகும் மீன். ஆறடிகூட அதற்குத் தாராளம் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட டேங் வகைகள் சேர்ந்து வாழ வேண்டும் என்றால் ஆறடிக்குக் கீழே யோசிக்காதீர்கள். ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு ராஸ், கொஞ்சம் கோபி போன்ற சிறு மீன்கள், மிச்சமெல்லாம் கோரல் என்பவர்களுக்கு ஆறடி தேவையில்லை.

ஆறடியில் வாராந்திர வேலை கண்ணுக்குத் தெரிந்து கூடுகிறது. 10% தண்ணீர் மாற்றுவதாக வைத்துக்கொண்டால், பழைய மூன்றடித் தொட்டிக்கு 19 லிட்டர், ஒரு வாளி. நாலடி, ஐந்தடிக்கு 45 லிட்டர் சொச்சம். ஆறடிக்கு 68 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் வாரத்துக்கு நாலடி, ஐந்தடிக்கு 1.6 கிலோ, ஆறடிக்கு 2.4 கிலோ. வாளியில் சுமக்கும் வேலை 45 லிட்டரிலேயே முடிந்துவிட வேண்டும். 68 லிட்டருக்குக் கலக்கும் பீப்பாய், பம்ப், நீளக் குழாய் வேண்டும், அதற்கு வைக்க இடம் வேண்டும். ஆர்ஓ வடிகட்டி ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டரைக் கழிவாகத் தள்ளுவது சாதாரணம். முதல் முறை 680 லிட்டரை நிரப்பும்போது இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் வெளியே போகும். அந்தத் தண்ணீரைப் பிடித்துத் துணி துவைக்கவோ தரை துடைக்கவோ வழி செய்துகொண்டு ஆரம்பியுங்கள். வீணாக்க மனம் வராது.

நீரோட்டமும் யோசிக்க வேண்டிய விஷயம். இரு ஓரத்து வேவ்மேக்கர்களின் வேகம் ஆறடித் தொட்டியின் நடுவுக்கு வருவதற்குள் பாதி அடங்கிவிடும். பின்சுவரில் இன்னும் இரண்டு வேண்டியிருக்கும். விளக்கு மூன்று. இந்தக் கணக்கில் தொட்டியின் விலை சிறு பகுதி ஆகிவிடுகிறது. வாங்குவதற்கு முன் ஒரு தாளில் தொட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து உப்பிலும் பரிசோதனைக் கிட்டிலும் சிக்கனம் பிடிக்கத் தோன்றினால், ஒரு அளவு கீழே இறங்குவதுதான் கோரலுக்கு நல்லது.

கியூப்பைப் பற்றிச் சுருக்கமாக. 3 × 3 × 2, தரை 9 சதுர அடி, மூன்று பக்கமும் திறந்து வைத்தால் கண்ணுக்கு இதைப்போல அழகான தொட்டி இல்லை. நடுவில் ஒரு தீவு, சுற்றிலும் மீன். ஆனால் சுவரோடு ஒட்டி வைத்து முன்பக்கமிருந்து மட்டும் பார்ப்பதானால் பின்பாதி வீண், அங்கே கையும் போகாது. நான்கு விளக்கோ அல்லது பரவலாக வெளிச்சம் தரும் பெரிய ஒன்றோ வேண்டும். நீந்தும் மீனுக்கு நீளம் மூன்றடிதான், பழைய தொட்டியில் இருந்ததே. அறையின் நடுவிலோ சுவர் முனையிலோ இடம் இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

பெரிய தொட்டி நிலையானதா?

"தண்ணீர் கூடினால் எல்லாம் நிலையாக இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஒரு காலம் வரைதான். பழைய 190 லிட்டரில் கோரல்கள் நாளொன்றுக்கு 1 டிகேஎச் ஆல்கலினிட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தன என்று வைத்துக்கொள்வோம் (கோரல் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் காரத்தன்மைதான் ஆல்கலினிட்டி, டிகேஎச் அதன் அளவு). அதே கோரல்களை 450 லிட்டருக்கு மாற்றினால் அதே பசிக்கு நாளொன்றுக்கு 0.4 டிகேஎச்தான் குறையும். ஒரு நாள் டோஸிங் (அந்தக் குறைவை ஈடுகட்டும் கரைசலை ஊற்றுவது) மறந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. முதல் வருடம் அவ்வளவு நிம்மதியாக இருக்கும். ஆனால் நாம் பெரிய தொட்டி வாங்கியதே கோரல் வளரத்தானே. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் தரை நிறைந்தபின் பழைய 1 டிகேஎச் திரும்பி வரும். அப்போது 450 லிட்டரில் அதை ஈடுகட்டச் சமையல் சோடா கணக்கில் தினமும் 13 முதல் 14 கிராம் தேவை, ஆறடியில் 20 கிராம். பழைய தொட்டிக்கு 6 கிராம் போதுமாக இருந்தது. அதனால் கையால் ஊற்றும் பழக்கத்தை விட்டு, டோஸிங் பம்ப்புக்கோ கால்சியம் ரியாக்டருக்கோ ஸ்டாண்டுக்குள் இடம் முதலிலேயே விட்டு வையுங்கள்.

ஹீட்டரிலும் இதே கதைதான். 300 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டு அணையாமல் ஓடினால், வெளியே போகும் சூட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், 190 லிட்டரில் மணிக்கு ஏறத்தாழ 1.4 டிகிரி ஏறும். 450 லிட்டரில் 0.6 டிகிரிதான் ஏறும். பெரிய தண்ணீர் காப்பாற்றுகிறது என்று தோன்றும். ஆனால் பெரிய தொட்டிக்குப் பெரிய ஹீட்டர் ஒன்றை வாங்கிப் போட்டால் அந்தக் காப்பு போய்விடும். சிறியதாக இரண்டு வாங்குங்கள், தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தனியாகத் தொட்டியைச் சுட வைக்க அதற்குச் சக்தி இருக்காது, ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும்.

எடை, தரை, கண்ணாடி

4 × 2 × 2 தொட்டி 12 மி.மீ. கண்ணாடியில் செய்தால் கண்ணாடி மட்டும் சுமார் 90 கிலோ. தண்ணீர், பாறை, மணல், ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்ந்து 700 கிலோவைத் தொடும். ஆறடி ஒரு டன்னைத் தாண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு சதுர அடித் தரை மீது விழும் பாரத்தை முக்கியமாக நிர்ணயிப்பது தண்ணீரின் உயரம். நாலடி, ஆறடி இரண்டும் 2 அடி உயரம் என்றால் சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரே பாரம்தான். நீளம் கூடினால் மொத்த எடை கூடும், அது பரந்த இடத்திலும் இறங்கும். 20 அங்குல உயரம் என்றால் தண்ணீரின் பாரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. எப்படியும் இது வீட்டு அறைகளுக்குப் பொதுவாக வைக்கும் கணக்கைவிட அதிகம். பல நாடுகளின் கட்டட விதிகளில் அது சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ, அதுவும் அறை முழுக்கப் பரவிய பாரமாக. அதனால் மாடியில் வைப்பவர்கள் பாரம் தாங்கும் சுவரை ஒட்டி, உத்தரத்தின் மேல் வருமாறு வைக்க வேண்டும், ஆறடி என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் வைக்கக் கூடாது.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால், இந்த அளவுகளில் நான் கண்ணாடிப் பக்கம். அக்ரிலிக் எடையில் பாதிகூட இல்லை, மோதினாலும் சட்டென்று உடையாது. ஆனால் கண்ணாடியில் கடினமாக ஒட்டும் கோரலைன் பாசியைச் சுரண்டும்போது காந்தத்துக்கு நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், கீறல் நிரந்தரமாகத் தங்கிவிடும். கடல் முள்ளெலி வைத்திருந்தால் அது தன் பல்லாலேயே கீறும். முன்பக்கத்துக்கு மட்டும் இரும்புச் சத்து குறைந்த தெளிவுக் கண்ணாடி போடச் சொல்லலாம், பச்சைச் சாயல் இருக்காது. பழைய தொட்டியை வாங்கித் துளை போட நினைப்பவர்கள், அடிக்கண்ணாடி டெம்பர் செய்யப்பட்டதா (சூடாக்கிக் கடினமாக்கியதா) என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். டெம்பர் செய்த கண்ணாடியில் துளையிட்டால் தூள் தூளாகிவிடும்.

துளையும் சம்ப்பும்

ஓவர்ஃப்ளோவுக்கு (மேல் தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் பெட்டி) எத்தனை துளை என்பதைத் தொட்டி செய்யும்போதே முடிவு செய்ய வேண்டும், தண்ணீர் நிரப்பிய பிறகு முடியாது. என் பரிந்துரை மூன்று குழாய் முறை: ஒன்று முழு சைஃபனாக (காற்றில்லாமல் குழாய் நிறையத் தண்ணீரோடு) ஓடும், இரண்டாவதில் மெல்லிய ஓடை போகும், மூன்றாவது அவசரத்துக்கு. முதல் குழாயில் ஒரு நத்தை அடைத்தால் தண்ணீர் மட்டம் ஏறி இரண்டாவது சைஃபனாக மாறிவிடும். சத்தமும் இருக்காது. இந்தப் பெட்டியை உள்ளே வைத்தால் இவ்வளவு சொல்லிச் சேர்த்த அகலத்தில் 10 செ.மீ. போய்விடும். வெளியே தொங்க வைத்தால் தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். இடம் இருந்தால் வெளியேதான் வையுங்கள்.

மின்சாரம் போகும்போது மேலேயிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதை வைத்துச் சம்ப் அளவைத் தீர்மானியுங்கள். மட்டம் 2 செ.மீ. இறங்கினால் 4 × 2 தொட்டியில் 15 லிட்டர், 6 × 2 தொட்டியில் 22 லிட்டர், இதோடு குழாய்களில் நிற்பதும் சேரும். சம்ப்பிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால் அது தலைகீழாக உறிஞ்சி இன்னும் இறக்கிவிடும். தொட்டி வந்த முதல் நாளே, வெறும் தண்ணீரில், பத்து முறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சம்ப் நிரம்பி வழியாமல் நிற்கும் மட்டத்தில் நிரந்தர மையால் ஒரு கோடு போடுங்கள்.

மாற்றும் நாள்

தொட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் யோசிக்க வேண்டும். புதியது பழையதன் இடத்திலேயே வருமா, வேறு சுவருக்கா? வேறு சுவர் என்றால் இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டலாம், பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம், எந்தக் கோரலும் அவசரத்துக்கு ஆளாகாது. இந்த வசதிக்காக மட்டுமே ஆறடியை விட்டு, வேறு சுவரில் அடங்கும் ஐந்தடியை எடுத்தேன். அதே இடம் என்றால் எல்லாம் ஒரே நாளில் நடக்க வேண்டும். அப்போது மீனுக்குத் தனி, கோரலுக்குத் தனி, பாறைக்குத் தனி என்று பெரிய தொட்டிகள் அல்லது டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஹீட்டரும் பம்ப்பும் தயாராக இருக்க வேண்டும். புதுத் தண்ணீரை முந்தைய நாளே கலக்கி, உப்பளவும் வெப்பமும் பழைய தொட்டியோடு ஒத்துப்போகும்படி வையுங்கள்.

பழைய பாறையை ஈரம் காயாமல் அப்படியே எடுத்துப் போங்கள். பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. பழைய மணலை எடுத்துப் போகாதீர்கள். வருடக்கணக்கில் அடங்கியிருந்த மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும், அடியில் சேர்ந்திருந்த அழுக்கும் வெளிவரும். அதை மீன் இருக்கும் தண்ணீரில் கலக்க விடக்கூடாது. புது மணல் போடுங்கள், ஒரு கோப்பை பழைய மேல்மணலை அலசித் தூவினால் அதுவே தாராளம். கூடுதலாக வாங்கிய காய்ந்த பாறையில் முதல் சில மாதம் பழுப்புப் பாசி, சிவப்புப் பாசி என்று மாறி மாறி வரும். அப்போது பதறி ரசாயனம் ஊற்ற வேண்டாம்.

பழைய தொட்டியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கழுவி, நல்ல தண்ணீரும் ஹீட்டரும் போட்டு, ஒரு சின்ன பம்ப்பை ஓடவிட்டு, குறைந்தது இரண்டு மாதம் ஓரமாக வைத்திருங்கள். புதுத் தொட்டியில் இணைப்பு எங்காவது கசிந்தால், ஒரு மீன் மற்றதைத் துரத்தினால், ஒரு கோரல் மட்டும் வாடினால், அன்று இரவே அதை மாற்றி வைக்க இந்தத் தொட்டிதான் உதவும்.